கிட் போட்ட பிறகும் நெஞ்சு படபடக்கிறதே? செட்டிநாட்டு மருத்துவப் பணியாளர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையம், நர்சிங் ஹோம், ரத்தப் பரிசோதனை நிலையம், 108 வண்டி என்று வேலை பார்ப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தொற்றுத் தடுப்புப் பயிற்சி நடத்துபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கிட் என்று இங்கே சொல்வது தலைமுதல் கால்வரை மூடும் கவச உடையையும் அதோடு போடும் முகக்கவசம், கண்ணாடி, கையுறையையும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சில கேள்விகள் சுருக்கென்று இருக்கும்.

கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30-இல் அறிவித்த அவசரநிலையை 2023 மே 5-இல் விலக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் காசநோய் வார்டு அங்கேயேதான் இருக்கிறது. அதற்குள் போக இன்றைக்கும் என்95 முகக்கவசம் வேண்டும். அம்மையும், பன்றிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் எச்1என்1-உம் வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தபோது நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்துபோனார். அதற்குப் பிறகும் கேரளத்தில் நிபா பலமுறை தலைகாட்டிவிட்டது. நம் ஊரிலோ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆள் இல்லாத வீடு குறைவு. காலையில் திருச்சியில் விமானம் இறங்கினால் மதியச் சாப்பாடு காரைக்குடியில். அடுத்து எந்த நோய் வந்தாலும் அது முதலில் எதிர்கொள்வது ஓ.பி. சீட்டு எழுதும் பெண்ணைத்தான்.

"இருபது வருஷ சர்வீஸ், இன்னும் பயமா?" என்று கேட்கிறார்கள். பயப்படுவது தப்பா?

தப்பே இல்லை. 2020 தொடக்கத்தில் சீனாவில் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். 44.6 சதவீதம் பேருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள், 50.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, 34 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை. பெண்கள், செவிலியர்கள், நோயாளியின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள், இவர்களுக்குத்தான் கடுமை அதிகம். அதாவது சரியாக நம் வார்டு.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவில் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இது தெரிந்த பிறகும் ஒருவருக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை என்றால் எனக்கு அவரைப் பார்த்துத்தான் பயம்.

பயமில்லாதவர் கதை ஒன்று உண்டு. 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் வு லியன் தே. பிறந்த ஊர் பினாங்கு, தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளி ரதம் எடுக்கும் அதே பினாங்கு. இந்த நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது, பஞ்சும் காஸ் என்னும் வலைத்துணியும் வைத்த முகக்கவசம் எல்லோரும் கட்ட வேண்டும் என்றார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி இதை ஏளனம் செய்துவிட்டு, கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே பிளேக்கில் இறந்தார். அதன்பிறகுதான் ஊரே முகக்கவசம் கட்டியது. சர்வீஸ் வருஷத்தைச் சொல்லி உங்களைக் கேலி செய்யும் சீனியரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

முழுக் கவசம் போட்டுவிட்டால் பயம் போய்விட வேண்டாமா? எனக்குப் போட்ட பிறகுதான் கூடுகிறது.

நிறையப் பேருக்கு அப்படித்தான். கவசத்தின் மேல் நம்பிக்கை இருந்தால்தான் அது பயத்தைக் குறைக்கும். அந்த நம்பிக்கையை யாரும் பேசி வரவழைக்க முடியாது.

2003-இல் சார்ஸ் நோய் டொராண்டோவைத் தாக்கியது. ஓரிரு வருஷம் கழித்து அங்கே ஆராய்ந்தபோது, சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனை ஊழியர்களுக்கு மற்ற மருத்துவமனைக்காரர்களைவிடச் சோர்வும் மன உளைச்சலும் அதிகமாகவே நீடித்தன. ஆனால் பயிற்சியும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் துணையும் போதுமானதாக இருந்தது என்று நினைத்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. இத்தனை வருஷம் பயிற்சி கொடுத்ததில் எனக்குத் தோன்றுவதும் இதுதான்: பணியாளரின் பதற்றத்தில் பெரும்பங்கு அவர் மனசில் தொடங்குவதில்லை, ஸ்டோர் ரூமில் தொடங்குகிறது. சரியான அளவு இருப்பு இல்லை, போட்டுப் பழக நேரம் தரவில்லை, கழற்ற இடம் ஒதுக்கவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு "தைரியமாக இருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பி என்ன பயன்? 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காக ஊரெல்லாம் கைதட்டினார்கள். அந்த வாரங்களில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனவர்கள் இருந்தார்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில் தொற்று வார்டுக்கு ஏற்ற தரத்துக் கவச உடை நம் நாட்டில் அநேகமாகத் தயாராகவே இல்லை. மே மாதத்துக்குள் நாளுக்கு லட்சத்துக்கு மேல் தைத்தார்கள். துணியையும் தையலையும் சோதித்துச் சான்று கொடுத்த இடங்களில் முக்கியமானது கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம், சிட்ரா. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் விட்டு, மறுபக்கம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. தையல் ஓட்டைகளில் கசியக்கூடாது என்றுதான் மேலே டேப் ஒட்டுகிறார்கள். அடுத்தமுறை கிட் கைக்கு வரும்போது அந்த டேப்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். உரிந்து வந்தால் போடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

அளவு விஷயம் யாரும் கவனிப்பதில்லை. ஐந்தடி உயரப் பெண்ணுக்கு எக்ஸ்எல் கொடுத்தால் கவட்டை முழங்காலில் தொங்கும், நடக்கும்போது தடுக்கும். உயரமானவருக்குச் சின்னது கொடுத்தால் குனிந்ததும் கிழியும். கிழிந்த அந்த ஒரு நிமிஷம் போதும், அன்றைய தூக்கம் போயிற்று. ஸ்டோருக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போடும்போதே யார் யாருக்கு எந்த அளவு என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள்.

சர்ஜிக்கல் மாஸ்க் போதாதா? என்95-இல் அப்படி என்ன இருக்கிறது?

நோயாளியின் எச்சில் தெறிப்பதைத் தடுக்க சர்ஜிக்கல் மாஸ்க் போதும். ஓரங்களில் இடைவெளி இருப்பதால் காற்றில் மிதக்கும் நுண்துகள் பக்கவாட்டில் உள்ளே வந்துவிடும். என்95 என்பது 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று சோதித்துப் பெறும் பெயர். பிடிப்பது சல்லடை மாதிரி சலித்து மட்டுமில்லை. உள்ளே இருக்கும் பாலிப்ரொப்பிலீன் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருக்கிறார்கள். தலையில் தேய்த்த பலூனில் தாள்துண்டு ஒட்டுவது போலத் துகள்கள் இழையில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் அடித்தாலோ அந்த மின்னேற்றம் போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், வேலை செய்யாது. கொல்லையில் கொடியில் துவைத்துக் காயப்போட்ட என்95-களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்னால் வால்வு வைத்தது வேண்டாம். மூச்சுவிடும்போது வடிகட்டாத காற்று அதன் வழியே வெளியேறும். போட்டவருக்குத் தொற்று இருந்தால் எதிரே இருப்பவருக்குப் போகும். மத்திய சுகாதாரத் துறையே 2020 ஜூலையில் மாநிலங்களுக்கு இதை எச்சரித்து எழுதியது.

சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் பட்டை உச்சந்தலைக்குக் கீழே, கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். இரண்டையும் குறுக்கே போடக்கூடாது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள்; ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாகி இடைவெளி விழும். பிறகு இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வேகமாக மூச்சுவிடுங்கள். கண் பக்கமோ கன்னத்திலோ காற்று பட்டால் மறுபடி சரிசெய்ய வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தாலும் அதே அர்த்தம்தான்.

தாடி இருந்தால் எந்த என்95-உம் ஒட்டாது. பழனிக்கு மாலை போட்டிருக்கிறேன், சவரம் செய்ய முடியாது என்று கேட்கிறார்கள். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? அந்த நாட்களில் தொற்று வார்டு டியூட்டியை மாற்றிக் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது நிர்வாகம். உயரமாகக் கொண்டை போட்டால் மேல் பட்டை நழுவும், தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள்.

வளையல், மோதிரம், தாலி?

வளையலும் மோதிரமும் வேண்டாம். அடியில் கிருமி தங்கும், கையுறையைக் கிழிக்கும். தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டு மேலே உடை போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. மாமியாருக்கு மனக்குறை இருந்தால் "டியூட்டி நேரத்தில் மட்டும்தான் வளையல் இல்லை" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து என்கிறார்களே?

ஆமாம். உள்ளே போகும்போது நீங்கள் சுத்தம், உடையும் சுத்தம். வெளியே வரும்போது உடையின் முன்பக்கம் முழுக்க அழுக்கு, நீங்கள் களைத்திருப்பீர்கள், வியர்வையில் முகம் அரிக்கும், ஒன்றுக்குப் போக வேண்டும், வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால் வந்திருக்கும். அவசரம் வருவது அப்போதுதான்.

அடிப்படை ஒன்றுதான்: வெளிப்பக்கம் உங்கள் தோலில் படக்கூடாது. முதலில் வெளிக் கையுறை. உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போடுங்கள். கையில் சானிடைசர். அடுத்து முகத்திரை, பின்பக்கப் பட்டையைப் பிடித்து முன்னால் எடுங்கள். பிறகு உடை: தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரச் சுருட்டிக்கொண்டே கால்வரை இறக்குங்கள், காலுறையும் அதோடு சேர்ந்து வந்துவிடும். உதறவே கூடாது. மறுபடி கை. பிறகு கண்ணாடி. நோயாளி இருக்கும் அறையை விட்டு வெளியே வந்து, கதவை மூடிய பிறகே என்95. முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப் பட்டையைத் தலைக்கு மேல் எடுத்து, அடுத்து மேல் பட்டை. கடைசியில் உள் கையுறை, சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி கை கழுவல். உங்கள் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் வரிசை கொஞ்சம் மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உடையின் வகையைப் பொறுத்து மாறும். ஆளுக்கொரு வரிசை என்பதுதான் கூடாது.

தனியாகக் கழற்றாதீர்கள். எதிரே ஒருவர் நின்று "அக்கா, அடுத்து கண்ணாடி", "இப்ப கை" என்று சொல்ல வேண்டும். டாக்டராக இருந்தாலும் அந்த நேரத்தில் எதிரே நிற்கும் பிள்ளை சொன்னதைக் கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்த வார்டுகளில், இரவு வீட்டில் படுத்துக்கொண்டு "நான் மூக்கைத் தொட்டேனா?" என்று நினைத்து நினைத்துப் புழுங்குவது குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். சாட்சி ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய நிம்மதி.

பழகுவதற்குப் புது கிட் வேண்டியதில்லை. கையுறையில் குங்குமத்தையோ நீலத்தையோ குழைத்துத் தடவிக்கொண்டு கழற்றிப் பாருங்கள். கடைசியில் கழுத்தில், காதோரத்தில், மணிக்கட்டில் எங்கே கறை இருக்கிறது என்று தெரியும். சிரிப்பும் வரும், பாடமும் மறக்காது.

சித்திரை வெயிலில் கிட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. பயமா, வெயிலா?

இரண்டும் இருக்கலாம், கலந்தும் வரலாம். ஏசி போடாத வார்டில் இந்த உடை வியர்வையை வெளியே விடாது. உடம்பு சூடாகிக்கொண்டே போகும். வாய் உலர்தல், தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல் என்றால் வெயில் பக்கம். உதடும் விரல் நுனியும் மரத்து, நெஞ்சு அடித்து, "இப்போதே பிய்த்தெறிய வேண்டும்" என்று தோன்றினால் பதற்றப் பக்கம். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ யோசிக்கவே வேண்டாம், அது வெப்பத்தாக்கு. உடனே வெளியே கொண்டுவந்து குளிர்விக்க வேண்டும்.

எதுவானாலும் வார்டுக்குள் மாஸ்க்கை இழுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கைகாட்டிவிட்டுக் கழற்றும் இடத்துக்கு நடங்கள். முன்கூட்டியே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள், உடைக்குள்ளிருந்து பேசுவது பாதி காதில் விழாது. நடக்கும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் படபடப்பு இறங்கும்.

ஒருமுறை போட்டால் நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஆறு. அதற்குமேல் போகும் டியூட்டி பட்டியல் தவறான பட்டியல். போடுவதற்கு முன் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடியுங்கள். ஒன்றுக்கு வரும் என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே தொடாமல் வருகிறார்கள். நீர்க்கடுப்பும் சிறுநீரகத் தொற்றும் அப்படித்தான் வருகின்றன. மாதவிலக்கு நாட்களில் இரண்டு மணி நேரத்தில் மாற்றிவிடும்படி பட்டியல் போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? கேட்க வைக்காமலே போட்டுக் கொடுக்கும் நர்சிங் சூப்பிரண்டென்டுகளும் இருக்கிறார்கள்.

மாஸ்க்கால் உடம்பில் ஆக்ஸிஜன் குறைகிறதாமே?

ஆரோக்கியமானவர்களுக்குப் பயப்படும் அளவுக்குக் குறைவதில்லை. சந்தேகம் இருந்தால் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள். தலைவலிக்குப் பட்டையின் இறுக்கம், தண்ணீர் குடிக்காதது, காபி தவறியது என்று வேறு காரணங்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு டியூட்டி பாருங்கள்.

நோயாளிகள் எங்களைப் பார்த்தே பயப்படுகிறார்களே?

இது நம் பகுதியில் கொஞ்சம் கூடுதல். பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எண்பது வயது ஆச்சியை 108-இல் ஏற்றும்போது சுற்றி நிற்பவர்களில் ஒரு முகம்கூடத் தெரியாது. காதும் மந்தம். அதுவரை உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி பேச்சைப் புரிந்துகொண்டிருப்பார், அதையும் மாஸ்க் மறைத்துவிட்டது. அவர் கத்துவார், கையைத் தட்டிவிடுவார். உங்களுக்குப் பதற்றம் ஏறும்.

உடையின் நெஞ்சுப் பக்கத்தில் மார்க்கரால் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். சிரித்த முகப் படம் ஒன்றை அட்டையில் ஒட்டித் தொங்கவிடுங்கள், கழற்றும்போது குப்பையில் போய்விடும் என்பதால் சாதாரணத் தாளில் அச்சடித்தால் போதும். "ஆச்சி, நான் கோட்டையூர்ப் பிள்ளை, உங்க பக்கத்து ஊருதான்" என்று ஆரம்பித்தால் பிடி தளரும். ஊரைச் சொன்னதும் அடுத்து "யார் வீடு?" என்றுதான் கேட்பார், கேட்டுவிட்டால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். சாயங்காலம் ஒரு வீடியோ கால் போட்டுக் கொடுங்கள். வார்டில் இதற்கென்று ஒரு போன், உறைக்குள் போட்டு, ஒரே ஆளின் பொறுப்பில் இருக்கட்டும். சொந்த போனைக் கொடுக்க ஆரம்பித்தால் நள்ளிரவு வரை அழைப்பு வரும்.

வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவேனோ என்றுதான் எனக்குப் பெரிய பயம். என்ன செய்வது?

என்னிடம் பேசுபவர்களில் தன் உயிருக்குப் பயம் என்பவர்களைவிட இந்தப் பயம் சொல்பவர்கள் அதிகம். வேலை முடிந்து மருத்துவமனையிலேயே குளித்து, உடை மாற்றி, டியூட்டித் துணியைத் தனிப் பையில் கொண்டுபோய்ச் சோப்புநீரில் ஊறவைத்துத் துவைத்தால் துணிமூலம் பரவுவது பற்றிக் கவலை வேண்டாம். செருப்பு வெளியே. அதற்குமேல் காய்கறியையும் பால் பாக்கெட்டையும் கழுவிக் கழுவிக் கை புண்ணாக வேண்டியதில்லை. கொரோனா போன்ற நோய் முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது. ஆகவே யோசிக்க வேண்டியது காற்றோட்டத்தை.

செட்டிநாடு என்றாலே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு வைத்த வீட்டைத்தான் படம் போடுகிறார்கள். வார்டில் வேலை பார்க்கும் நம்மில் பெரும்பாலோர் இருப்பது லைன் வீட்டில், இல்லையென்றால் மாடியில் ஒற்றை அறையில். இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய வீட்டுக்காரர்கள் காய்ச்சல் ஆளை வளவைச் சுற்றியுள்ள உள்ளறையில் வைத்துப் பூட்டாதீர்கள். அவற்றில் பல பெட்டகமும் பாத்திரமும் வைக்கக் கட்டியவை, காற்று நகராது. வானம் தெரியும் வளவை ஒட்டிய தாழ்வாரத்தில், மற்றவர்கள் புழங்காத மூலையில் கட்டிலைப் போடுவது மேல். ஒற்றை அறைக்காரர்கள் எதிரெதிர் ஜன்னலும் கதவும் திறந்து, மின்விசிறியை உள்ளிருந்து வெளியே தள்ளும்படி ஜன்னலில் வையுங்கள், எல்லோரும் மாஸ்க் போடுங்கள், குழந்தையை முடிந்தால் சில நாள் அப்பத்தா வீட்டில் விடுங்கள். முடியாது என்றால் அது உங்கள் குற்றமில்லை.

ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் எத்தனை வீடுகள் வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன! அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல், பணியாளர்கள் தங்க ஒரு வீட்டையாவது உரிமையாளரிடம் இப்போதே பேசி வைக்கலாம். சாவி யாரிடம், மோட்டார் ஓடுகிறதா, கழிப்பறை எத்தனை என்பதுவரை எழுதி வைத்துவிட வேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். சட்டம் உதவுமா?

உதவும். 1896-இல் பம்பாயில் வந்த பிளேக்கை அடக்க வெள்ளைக்காரர்கள் 1897-இல் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரல் 22-இல் அவசரச் சட்டத்தால் திருத்தினார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மட்டுமில்லை, அவர் குடியிருக்கவோ வேலை பார்க்கவோ முடியாதபடி தொல்லை கொடுத்தாலும் அது வன்முறைதான். 3 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஜாமீன் இல்லாப் பிரிவு. கொடுங்காயம் என்றால் 7 வருஷம் வரை. சென்னையில் 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்களே, அதெல்லாம் சேர்ந்துதான் இந்தத் திருத்தம் வந்தது. சாதாரணக் காலத்தில் மருத்துவமனைக்குள் நடக்கும் தாக்குதலுக்குத் தமிழ்நாட்டின் 2008-ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது.

ஆனால் புகார் கொடுத்துவிட்டு அதே வீட்டில் குடியிருப்பது லேசில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ ஊரில் பேச்சு எடுபடும் பெரியவரையோ கூட்டிக்கொண்டுபோய்ப் பேசுங்கள். அதோடு, காலி பண்ணச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்கும் இதே கவசம் வேண்டுமா?

அவர்களுக்குத்தான் முதலில். டாக்டர் நோயாளியின் பக்கத்தில் சில நிமிஷம் நிற்கிறார். துடைப்பவர், வாந்தியை அள்ளுபவர், குப்பைப் பையைக் கட்டுபவர் அந்த அறையில் நாள் முழுக்க இருக்கிறார். ஒப்பந்த ஆள் என்பதால் பயிற்சிக்குக் கூப்பிடுவதில்லை, சமையல் கையுறை போன்ற மெல்லிசானதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தடித்த ரப்பர் கையுறை, முட்டிக்குக் கீழ்வரை பூட்ஸ், நீர் புகாத ஏப்ரன், என்95. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட வரிசை. அதோடு, சந்தேகம் கேட்டால் எரிந்து விழாத ஒரு சிஸ்டர்.

ஓ.பி.யில் காய்ச்சல் பார்ப்பவருக்கு என்95, கண்பாதுகாப்பு, கையுறை போதும், முழு உடை வேண்டியதில்லை. வென்டிலேட்டர் குழாய் போடும் இடத்தில் முழுக் கவசம். தேவையில்லாத இடத்தில் மூட்டையாகப் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு கூடாது, வியர்வையும் செலவும்தான் கூடும்.

கழற்றியதை எந்தப் பையில் போடுவது?

மாஸ்க், தொப்பி, காலுறை, பிளாஸ்டிக் அல்லாத கவுன் எல்லாம் மஞ்சள் பை. கையுறை, கண்ணாடி, முகத்திரை, பிளாஸ்டிக் உடை சிவப்புப் பை. தரையிலும் மேசையிலும் சிந்தியதற்கு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். ஆள்மேல் அடிக்கக் கூடாது. 2020-இல் சில ஊர்களில் சுரங்கம் மாதிரி கட்டி மனிதர்கள்மேல் தெளித்தார்கள். கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம், மத்திய அரசே வேண்டாம் என்று அறிவுரை அனுப்ப வேண்டியதாயிற்று.

கபசுரக் குடிநீர் குடித்தால் கவசம் வேண்டாம்தானே?

குடிப்பதானால் குடியுங்கள். என்95-ஐக் கழற்றாதீர்கள்.

எந்தக் கட்டத்தில் இது சாதாரணப் பயம் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய பதற்றம்?

ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் படபடப்பு, நிறுத்த முடியாத கவலை, எதற்கெடுத்தாலும் கவலை, உடம்பைத் தளரவிட முடியாமை, உட்கார முடியாத தவிப்பு, எரிச்சல், ஏதோ நடக்கப்போகிறது என்ற அச்சம், இவை எத்தனை நாள் இருந்தன என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 21. 5 முதல் லேசு, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். மதிப்பெண் குறைவாக இருந்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டாலும், டியூட்டி முடிந்ததும் கால் தானாக டாஸ்மாக் பக்கம் போனாலும், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றே பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாநில அரசின் சுகாதார உதவி எண் 104-உம் உண்டு. நேரில் என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

உள்ளூரில் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்கிறார்கள். தெரியத்தான் செய்யும், ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். அதனால்தான் போன் எண்ணை முதலில் சொன்னேன்.

இன்னொரு வகை வலி உண்டு, அதை இந்தத் தாள் பிடிக்காது. 2021 மே மாதம் ஆக்ஸிஜன் படுக்கை ஒன்று, காத்திருந்தவர்கள் பலர். யாருக்கு என்று தீர்மானித்த இடத்தில் நின்றவர்களுக்கு இன்னும் அது ஆறவில்லை. "நீ சரியாகத்தான் செய்தாய்" என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம்தான் வருகிறது. அன்று கூட நின்ற இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசிவரை பேசுவது உதவுகிறது. கவுன்சலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பேசுங்கள்.

கேட்டும் நிர்வாகம் கவசம் தரவில்லை என்றால்?

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். தேதி, வார்டு, என்ன இல்லை, எத்தனை வேண்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. ஒருவராகப் போனால் "நீ மட்டும்தான் புலம்புகிறாய்" என்பார்கள், ஐந்து பேராகப் போங்கள். சங்கம் இருந்தால் அதன் வழியாக. கோபத்தை நோயாளியிடம் காட்டாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

2021-இல் வாங்கிய கிட் ஸ்டோரில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

தேதி முடிந்த என்95-இல் முதலில் கெடுவது ரப்பர் பட்டை, இழுத்தால் அறுந்துவிடும். மூக்குப் பஞ்சு உதிரும். நம் ஊர் வெக்கையில் தகரக் கூரைக்கடியில் மூன்று கோடை கிடந்த பெட்டியை நோயாளியின் பக்கத்தில் நம்பாதீர்கள். எறியவும் வேண்டாம். "பயிற்சிக்கு மட்டும்" என்று நான்கு பக்கமும் எழுதி, புதுப் பெட்டிகளோடு கலக்காமல் வேறு அலமாரிக்கு மாற்றி, மாதம் ஒரு மத்தியானம் எல்லோரும் போட்டுக் கழற்றிப் பழகப் பயன்படுத்துங்கள். வாட்ச்மேனையும் சமையல்காரரையும் கூப்பிட மறக்க வேண்டாம்.